ஏழாவது வளைவு

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் மனோகரைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும், தங்கமான பையன் என்றுதான் சொல்வார்கள். முப்பத்தெட்டு வயது, பெங்களூருக்குத் தினமும் ரயிலில் போய் வருகிற வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிள். ஏனோக் அண்ணன் செத்தபோது சொந்தத் தம்பி மாதிரி அழுதானே என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் மனோகர் பேச்சை மாற்றிவிடுவான். வேறென்ன செய்வான்? அவன் ஏன் அழுதான் என்பது அவனுக்கு மட்டும்தானே தெரியும்.

ஜனவரி மாதத்து ஞாயிறு, காலை ஐந்தரை மணி. தாயம்மாவின் டீக்கடை முன்னால் பத்து சைக்கிள்கள் நின்றன. பனி அப்படி இறங்கியிருந்தது. எதிர்ச்சாரி மருந்துக்கடையின் பலகை கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லோரும் கையைத் தேய்த்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் எந்த வழி என்று முடிவு செய்கிறவன் கிறிஸ்டோ. அவன் போனைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்.

"இன்னிக்கு ஒன்பது வளைவு மலைக்குப் போறோம். ஏனோக்கண்ணனுக்கு நாளையோட ஒரு வருஷம். ஏறும்போது ஏழாவது வளைவுல யாரும் நிக்க வேணாம், ரோடு குறுகல். மேல போய் ரெண்டு நிமிஷம் நிப்போம். இன்னா சொல்றீங்க?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். மனோகர் மட்டும், "நான் இன்னிக்கு முன்னாடி போகட்டுமா?" என்று கேட்டான்.

"நீ கடைசி ஆளுப்பா," என்றான் கிறிஸ்டோ. "உன்ன நம்பித்தான் மத்தவங்க திரும்பிப் பார்க்காம மிதிக்கிறாங்க."

அந்தச் சைக்கிள் சங்கத்தில் கடைசி ஆள் என்றால் சும்மா இல்லை. எவ்வளவு மெதுவாகப் போகிறவர் இருந்தாலும் அவருக்குப் பின்னால்தான் அவன் வரவேண்டும். டியூப் வெடித்தால் நிற்க வேண்டும், மூச்சு வாங்கினால் காத்திருக்க வேண்டும். எங்கே நின்றாலும் முன்னாலிருந்து ஆளுக்கொரு எண்ணாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். முடிவில் அவன் "கடைசி" என்று சொன்னால்தான் மறுபடி பெடலில் கால் வைப்பார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதைக் கொண்டுவந்தவரே ஏனோக்தான். நந்திதுர்க் ஷாப்டில், தங்கச் சுரங்கம் மூடுகிற வரைக்கும் ஆழத்தில் இறங்கி வேலை பார்த்த மனிதர். சுரங்கத்தில் செய்த மாதிரியே, கிளம்பும்போது அவரவர் டோக்கனை டீக்கடைப் பலகையில் மாட்டு, திரும்பி வந்ததும் அவரவரே எடு என்பார். மற்றவர்கள் தகரத்தில் எண் அடித்து வைத்துக்கொண்டார்கள். அவருடையது மட்டும் சுரங்கத்திலிருந்து எடுத்து வந்த பித்தளை, நானூற்றுப் பதினேழு. ஆணியில் டோக்கன் தொங்கினால் ஓர் ஆள் இன்னும் வெளியே இருக்கிறான் என்று அர்த்தம். அவனைத் தேடாமல் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது. அடுத்தவன் டோக்கனை மட்டும் விளையாட்டுக்குக்கூடத் தொடாதீங்க என்று அவர் நூறு தடவை சொல்லியிருப்பார்.

பத்துப் பேரும் டோக்கனை மாட்டிவிட்டுக் கிளம்பினார்கள்.

பேத்தமங்களா வரைக்கும் ஒன்றும் இல்லை. ஏரிக்கரையில் பனி இன்னும் கெட்டியாக இருந்தது. தண்ணீர் தெரியவில்லை, அதன் வாடை மட்டும் வந்தது. எல்லோருடைய சிவப்புப் பின்விளக்குகளும் முன்னால் வரிசையாக மினுங்கிக்கொண்டு போயின. மனோகர் அவற்றையே பார்த்துக்கொண்டு மிதித்தான். போன வருஷம் இதே கரையில் அவனுக்கு முன்னால் ஏனோக் போய்க்கொண்டிருந்தார். அறுபத்திரண்டு வயது, பழைய இரும்பு சைக்கிள், முழங்காலில் வலித் தைலம். அவர் பின்னால் போனால் அதன் வாடை ஊசி மாதிரி மூக்கில் ஏறும்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மூடி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

மூன்று மாதமாகச் சின்னப் பையன்கள் மனோகரை ஏனோக்கண்ணனின் பாடிகார்டு என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஏற்றத்திலும் ஆமை வேகம். போனில் எல்லோருடைய நேரமும் பதிவாகும், இவனுடையது மட்டும் எப்போதும் அடியில். அந்த ஞாயிறு ஏழாவது வளைவில் அவனுக்கு அலுத்துப்போயிற்று. "அண்ணா, நீங்க மெதுவா வாங்க, மேல நிக்கிறேன்" என்று சொல்லி அவரைத் தாண்டிப் போனான். உச்சிக்குப் போய் போனைப் பார்த்தான். கடைசி மூன்று வளைவுக்கு அவன் நேரம்தான் சங்கத்திலேயே முதல். சிரிப்பு வந்தது. பத்து நிமிஷம் ஆனது, பதினைந்து நிமிஷம் ஆனது, ஏனோக் வரவில்லை. கிறிஸ்டோ எண்ணச் சொன்னபோது மனோகருக்கு வெட்கமாகிவிட்டது. கடைசி ஆள் தன் இடத்தை விட்டு ஓடிவந்தான் என்று எப்படிச் சொல்வது?

"முட்டி வலின்னு ரெண்டாவது வளைவுலயே திரும்பிட்டாரு," என்றான். "வீட்டுக்குப் போறேன்னாரு."

அவ்வளவுதான். வழக்கம்போல் மறுபக்கம் இறங்கி வந்து டீக்கடையில் நானூற்றுப் பதினேழு தொங்கியதைப் பார்த்ததும் அதையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். நானே குடுத்துடறேன் என்றான். ஆணி காலியாயிற்று. எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

சாயங்காலம் ஏனோக்கின் மனைவி டெய்சி அக்கா போன் செய்தபிறகு தேடினார்கள். அவன் சொன்ன வழியில்தான் தேடினார்கள், ராத்திரி முழுக்க ஏரியில் பாதாளக்கரண்டி போட்டுப் பார்த்தார்கள். மறுநாள் காலை ஆடு மேய்க்கிறவர் ஒருவர்தான் ஏழாவது வளைவுக்குக் கீழே பள்ளத்தில் அவரைக் கண்டார். தொடை எலும்பு முறிந்திருந்தது. முந்தின நாள் இருட்டுகிற வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

அப்போதும் மனோகர் வாயைத் திறக்கவில்லை. திறக்காததால் ஊர் தானாக ஒரு கணக்குப் போட்டது. பாதியில் திரும்பிய மனிதர் எதற்காக யாருக்கும் தெரியாமல் மறுபடி மலை ஏறினார்? கைப்பிடிச் சுவர் இல்லாத வளைவுக்கு எதற்காகப் போனார்? சாக வேண்டும் என்றுதான் விழுந்திருக்கிறார் என்றார்கள். சர்ச்சில் யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆனால் டெய்சி அக்கா மூன்றாவது பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

மலையடிவாரத்தில் கிறிஸ்டோ கையைத் தூக்கினான். எல்லோரும் நின்றார்கள். முன்னாலிருந்து எண்ணிக்கை வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மனோகருக்கு முன்னால் நின்ற ஷில்பா ஒன்பது என்றாள்.

"கடைசி," என்றான் மனோகர்.

"கடைசி."

இரண்டாவது குரல் அவனுக்குப் பின்னாலிருந்து வந்தது.

ஷில்பா திரும்பிப் பார்த்தாள். "இன்னாண்ணா, ரெண்டு தடவ சொல்றீங்க?"

 அவன் திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது. தைல வாடை வந்தது.

முன்னால் விளக்குகள் நகர ஆரம்பித்தன. முதல் வளைவிலேயே நாலு விளக்கு மறைந்தது, மூன்றாவதில் ஷில்பாவின் விளக்கும் மறைந்தது. ஷில்பாவுக்கு இருபத்தாறு வயது, ஏற்றத்தில் பேய் மாதிரி போவாள். மனோகர் எழுந்து நின்று மிதித்தும் பிடிக்க முடியவில்லை. பனியில் அவன் மூச்சுச் சத்தமும் செயின் சத்தமும் மட்டும் கேட்டன.

பிறகு அந்தச் சத்தம்.

டிக். டிக். டிக். டிக்.

சைக்கிள் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த சத்தம்தான். பெடலை மிதிக்காமல் சக்கரம் தானாக உருளும்போது பின்சக்கரத்திலிருந்து வருவது. இறக்கத்தில் வரும். சமதரையில் கொஞ்ச தூரம் வரும்.

ஏற்றத்தில் வராது. ஏற்றத்தில் மிதிக்காவிட்டால் சைக்கிள் நின்றுவிடும்.

டிக். டிக். டிக்.

பின்னால் யாரோ மிதிக்காமல் மலை ஏறி வந்துகொண்டிருந்தார்.

மனோகர் வேகம் கூட்டினான், சத்தமும் கூடியது. குறைத்தான், அதுவும் குறைந்தது. அவனை முந்தப் பார்க்கவில்லை. எப்போதும் ஒரு சைக்கிள் தூரம், கடைசி ஆள் எப்படி வரவேண்டுமோ அப்படியே வந்தது. நாலு, ஐந்து, ஆறு. ஒவ்வொரு வளைவையும் வாய்க்குள் எண்ணினான். தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. அது பயத்தால் மட்டும் இல்லை என்று அவனுக்கே தெரிந்தது. இப்படித்தானே நான் வந்திருக்க வேண்டும் என்று நினைத்தான். இவ்வளவுதானே வேலை.

ஏழாவது வளைவில் அவன் கால் நின்றுபோனது.

இடது பக்கம் ரோடு முடிந்து வெறும் வெள்ளை. கீழே பள்ளம் இருக்கிறது என்று தெரியும். ஷூவைப் பெடலோடு பிடித்திருந்த கிளிப்பை விடுவித்துக் காலை ஊன்ற வேண்டும், ஆனால் கால் அசையவில்லை. சைக்கிள் இடது பக்கம் சாய்ந்தது. விழப்போகிறோம் என்று நினைத்தான். சரி, விழட்டும் என்றும் நினைத்தான்.

விழவில்லை.

முதுகில் ஒரு கை.

ஈரமான, அகலமான உள்ளங்கை. சட்டை நனைந்து தோலில் ஒட்டியது. அது அவனை நிமிர்த்தியது. பிறகு தள்ள ஆரம்பித்தது, ஏற முடியாதவனுக்குப் பக்கத்தில் வருகிறவன் முதுகில் கை வைத்துக் கொடுக்கிற அதே தள்ளு, நிதானமாக.

டிக். டிக். டிக்.

இப்போது சத்தம் வந்தது மனோகரின் சொந்தச் சக்கரத்திலிருந்து.

"அண்ணா," என்று முனகினான். "விட்டுடுங்கண்ணா."

கை விடவில்லை. எட்டாவது வளைவு போயிற்று, ஒன்பதாவது போயிற்று. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான், கழுத்தைப் பிடித்திருந்தாலும் தாங்கியிருப்பான். அந்தக் கையில் கோபமே இல்லை. அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

உச்சியில் மற்றவர்கள் தலை குனிந்து நின்றிருந்தார்கள். அவன் போய்ச் சேர்ந்ததும் முதுகு லேசாயிற்று. கிறிஸ்டோ எண்ணச் சொன்னான். ஒன்பது என்றாள் ஷில்பா. எல்லோரும் மனோகரைப் பார்த்தார்கள். சொல்லிவிடு, இங்கேயே சொல்லிவிடு என்று உள்ளுக்குள் ஒன்று அடித்துக்கொண்டது.

"கடைசி," என்றான் அவன்.

பாருங்கள், அப்போதும் அவன் சொல்லவில்லை. இப்படிப்பட்ட பயலை என்ன செய்வது?

மறுபக்கம் இறங்கி, ஆண்டர்சன்பேட்டை வழியாக டீக்கடைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது இருபது. பனி விலகி வெயில் வந்திருந்தது. ஆளாளுக்குத் தங்கள் டோக்கனை எடுத்துக்கொண்டார்கள். மனோகர் கடைசியாகப் போய்த் தன்னுடையதை எடுத்தான்.

பலகையில் இன்னும் ஒன்று தொங்கியது.

"யாரு இன்னும் வரல?" என்றாள் ஷில்பா. தலைகளை எண்ணினாள். பத்து. மறுபடி எண்ணினாள், அதே பத்துதான்.

கிறிஸ்டோ கிட்டப் போய்க் குனிந்து பார்த்தான். தொடவில்லை. நிமிர்ந்தபோது அவன் முகம் வெளிறியிருந்தது.

"நானூத்திப் பதினேழு," என்றான். "மனோகர், இத நீ அக்காகிட்ட குடுத்துட்டேன்னு சொன்னியே."

அது மனோகர் வீட்டு பீரோவில், சாக்ஸுக்கு அடியில், ஒரு வருஷமாகக் கிடந்த டோக்கன். காலையில் கிளம்பும்போதுகூட அங்கேதான் இருந்தது. தாயம்மாவைக் கேட்டார்கள். யாரும் வரலையே, நான் இங்கதான நின்னுக்கினு இருக்கேன் என்றாள் அவள்.

மனோகர் பெஞ்சில் உட்கார்ந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். தாண்டிப் போனதை, உச்சியில் சொன்ன பொய்யை, ஆணியிலிருந்து டோக்கனை எடுத்ததை. சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு வருஷமாக நெஞ்சில் பாறாங்கல்லாகக் கிடந்தது இவ்வளவு சின்னதா என்று இருந்தது. ஷில்பா அவன் சைக்கிள் பக்கத்தில் சாத்தியிருந்த தன் சைக்கிளை எடுத்து வேறு பக்கம் நிறுத்தினாள். கிறிஸ்டோ பலகையில் தொங்கிய டோக்கனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்ககிட்ட இன்னாத்துக்கு சொல்ற," என்றான் கடைசியில். "டோக்கன எட்த்துக்கினு போ. அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லு."

டெய்சி அக்காவின் வீடு நந்திதுர்க் லைனில், சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில், கடைசி வீடு. பத்து மணி ஆராதனைக்கு வெள்ளைப் புடவை கட்டி, பைபிளை எடுத்து வைத்துக்கொண்டு, அடுப்பில் பால் காய்வதற்காகக் காத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா மனோகரு. மலைக்குப் போயிட்டு வரியா? இட்லி கீது, ரெண்டு துன்னுட்டுப் போ."

அவன் வாசலிலேயே நின்று டோக்கனை நீட்டினான். அவள் வாங்கிப் பார்த்தாள். அவன் சொல்ல ஆரம்பித்ததும் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை இரண்டு நிமிஷத்தில் முடியவில்லை. வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"அப்போ அவரு பாதியில திரும்பல," என்றாள்.

"இல்லக்கா."

"தனியா மேல போகல."

"இல்லக்கா. எங்க கூடதான் ஏறினாரு. நான்தான் வுட்டுட்டுப் போயிட்டேன்."

அவள் பித்தளையைப் புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "ஒரு வருஷமா தெனம் ராத்திரி அவர் படத்தப் பார்த்து ஒன்னே ஒன்னுதான் கேப்பேன். ஏன் என்ன வுட்டுட்டுப் போன, நான் இன்னா கொற வெச்சேன்னு. அவரு பதில் சொல்லல. நீ சொல்ற."

மனோகர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒன்னு கேக்கறேன், மறைக்காத," என்றாள். "உன்ன கூப்ட்டாரா?"

இதை அவன் டீக்கடையில் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இல்லை. எட்டாவது வளைவைத் திரும்பும்போது கீழேயிருந்து வந்த சத்தத்தைக் காற்று என்றும், ஆட்டுக்காரன் என்றும் ஒரு வருஷமாகத் தனக்கே சொல்லி வைத்திருந்தான்.

"கூப்ட்டாருக்கா."

"எத்தினி தடவ?"

"ரெண்டு தடவ. மனோகரு, கொஞ்சம் நில்லுப்பான்னு. ஏற முடியாம கூப்புடறாருன்னு நெனச்சேன். நின்னா என் டைம் போயிடும்னு... நிக்கல."

அடுப்படியில் பால் பொங்கித் தீய்ந்த வாடை வந்தது. அவள் எழுந்து போகவில்லை. அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவள் அழக்கூட இல்லை.

"சர்ச்சுக்கு வா," என்றாள். "பாஸ்டர் பிரசங்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லு. எங்கிட்ட சொன்ன மாதிரியே. கூப்ட்டதையும் சேத்து."

"வரேன்க்கா. வீட்டுக்குப் போய் சட்டை மாத்திக்கினு..."

திரும்பினான். பின்னால் அவள் மூச்சை இழுத்துப் பிடித்த சத்தம் கேட்டது.

"நில்லு."

கிட்ட வந்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் நெடுநேரம் நின்றாள்.

"யாரு வெச்ச கை இது?"

அவன் தலையைத் திருப்பித் தோளுக்கு மேல் பார்க்க முயன்றான்.

"செம்மண்ணு," என்றாள் அவள். குரல் இப்போதுதான் உடைந்தது. "அஞ்சு வெரலும் பதிஞ்சிருக்கு. நடு வெரலு பாதிதான் கீது. சொரங்கத்து பிளாஸ்டிங்ல, வெடி வெச்சப்போ போன வெரலு. நாப்பது வருஷம் நான் புடிச்ச கை, எனக்குத் தெரியாதா?"

"கழட்டிடறேன்க்கா."

"வேணாம். அதோடயே வா."

சர்ச்சில் பாட்டு முடிந்து எல்லோரும் உட்காரும் நேரம். டெய்சி அக்கா வழக்கமான கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். மனோகர் பெஞ்சுகளுக்கு நடுவே உள்ள வழியில் முன்னால் நடந்தான். சைக்கிள் சட்டை, வியர்வை நாற்றம், கையில் ஒன்றும் இல்லை. அந்த வழி இவ்வளவு நீளமா என்று இருந்தது. அவன் தாண்டிய பெஞ்சுகளில் முதலில் முணுமுணுப்பு எழுந்தது. அப்புறம் அது ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. யாரோ ஒரு பெண் இயேசுவே என்றாள். ஒரு குழந்தை அழ ஆரம்பித்து, வாயைப் பொத்திவிட்டார்கள் போல, சட்டென்று நின்றது.

பாதி வழியில் அவனுக்குத் தைரியம் போயிற்று. பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. வெளியே வெயில். நாலு எட்டு வைத்தால் போதும். கால் அந்தப் பக்கம் திரும்பவும் செய்தது.

ஆனால் நகரவில்லை.

காய்ந்துபோயிருந்த சட்டை முதுகில் மறுபடி ஈரமாகத் தோலோடு ஒட்டியது. துணி உள்ளே அழுந்துவதைப் பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். நாலரை விரல் அகலத்துக்கு, மெதுவாக.

அவன் முன்னால் போனான்.